துருவின் விலையை யார் கட்டுவது?

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. 5 லட்ச ரூபாய்க்கு ஒரு கார் வாங்கினால், ஆண்டுக்கு இவ்வளவு என்று அதன் மதிப்பில் கழித்துக்கொண்டே வர வேண்டும். நேர்க்கோட்டு முறையா, குறைந்து செல் மதிப்பு முறையா என்பதுதான் அங்கே இருக்கும் பெரிய தகராறு. ஆனால் இரும்புக்கு இந்த இரண்டு முறையும் தெரியாது. ஒரே நாளில் ஷோரூமை விட்டு வெளியே வந்த இரண்டு கார்கள். ஒன்று கோயம்புத்தூரில் ஓடுகிறது. இன்னொன்று சென்னை பெசன்ட் நகரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. 12 வருடம் கழித்துப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. கீழே குனிந்து பார்த்தால் கதையே வேறு.

இந்தப் பதிவு அந்த இரண்டாவது காரைப் பற்றியது. அதாவது, கார்கள் துருப்பிடித்த வரலாறு. "துருப்பிடிப்பதற்கெல்லாம் ஒரு வரலாறா?" என்று சிரிக்காதீர்கள் :) படிக்கப் படிக்க, இது வேதியியல் கதை இல்லை, எங்கள் பி.காம். பாடக் கதை என்றுதான் எனக்குப் பட்டது. துருவைத் தடுக்கும் வழி கார் பிறப்பதற்கு முன்பே உலகத்துக்குத் தெரியும். ஆனாலும் ஏறக்குறைய 90 வருடம் கார்கள் துருப்பிடித்தே செத்தன. காரணம் ரொம்ப எளிமையானது. துருவின் செலவு தயாரித்தவர் கணக்கில் ஏறவில்லை, வாங்கியவர் கணக்கில் ஏறியது. அந்தச் செலவு என்றைக்குக் கணக்கு மாறியதோ, அதற்குப் பிறகுதான் மருந்தை எடுத்துப் பூச ஆரம்பித்தார்கள்.

நோயாளிக்கு முன்பே பிறந்த மருந்து

முதலில் மருந்தின் கதை. 1824-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியில் அடித்திருந்த செப்புத் தகடு கடல்நீரில் அரிப்பதைத் தடுக்க ஒரு வழி சொன்னார். தகட்டோடு சிறிய துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிட்டால், அது தன்னைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காப்பாற்றும். 1837-இல் பிரான்ஸின் ஸ்டானிஸ்லாஸ் சொரெல், இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர் வாளியும் தகரக் கூரையும் அந்தப் பூச்சில்தான் பிழைக்கின்றன. கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886-இல். ஆக, நோயாளி பிறப்பதற்கு 49 வருடம் முன்பே மருந்து தயார்.

நோய் எப்படி வருகிறது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1903-இல் அமெரிக்காவின் வில்லிஸ் விட்னி, துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்வு என்று விளக்கினார். எளிமையாகச் சொன்னால், ஈரம் பட்ட இரும்பில் ஓர் இடம் பேட்டரியின் ஒரு முனையாகவும் பக்கத்து இடம் மறு முனையாகவும் ஆகிவிடுகின்றன. ஒரு முனை கரைகிறது. 1920-களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். இரும்பின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டுக் கவனித்தார். காற்று நன்றாகப் படும் விளிம்பில் இரும்பு பிழைக்கிறது. காற்றுக் குறைவாகப் போகும் நடுப்பகுதிதான் அரிக்கிறது.

இது கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். காற்றுப் படும் இடம்தானே துருப்பிடிக்க வேண்டும்? இல்லை. ஈரச் சேற்றுக்கு அடியில், இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்த இடுக்கில், ஊறிய கால்மிதிக்குக் கீழே... இப்படி மூச்சு முட்டும் இடங்கள்தான் முதலில் போகின்றன. பழைய காரைப் பரிசோதிக்கிற எவருக்கும் இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எலும்பே தோலாக மாறியபோது

ஆரம்பகாலக் கார்கள் துருவைப் பற்றி ரொம்பக் கவலைப்படவில்லை. கீழே தடித்த எஃகுச் சட்டம், அதன் மேல் தனியாக ஓர் உடல். அந்த உடலில் மரமும் நிறைய இருக்கும். தகடு துருப்பிடித்தால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். வண்டியைத் தாங்குவது கீழே இருக்கும் சட்டம்.

பிறகு சட்டமும் உடலும் ஒன்றாயின. 1922-இல் லான்சியா லாம்டா, 1934-இல் சிட்ரோயன் ட்ராக்ஷன் அவான் போன்ற கார்கள் தனிச் சட்டம் இல்லாமல் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் பெரும்பாலான சிறிய கார்கள் இந்த வழிக்கு வந்துவிட்டன. எடை குறைவு, விலை குறைவு, பெருமளவில் அச்சடிக்க வசதி. முட்டை ஓட்டைப் போல, மொத்த வலிமையும் அந்த மெல்லிய தகட்டிலேயே இருக்கும்.

மெல்லிய தகடு என்றால் எவ்வளவு? பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை மடித்து, பெட்டி போல மூடி, புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து வலுவாக்குவார்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியும் அடித்தட்டின் குறுக்குத் தாங்கிகளும் இப்படி உள்ளே வெற்றாக இருக்கும் பெட்டிகள்தான். உள்ளே தண்ணீர் போகும், வெளியே வர வழி தேடும். உள்பக்கம் பெயிண்ட் சரியாகப் போயிருக்காது. எவன்ஸ் தன் ஒரு சொட்டில் பார்த்ததை கார் கம்பெனிகள் லட்சக்கணக்கில் அச்சடித்துத் தெருவில் விட்டன என்று சொல்லலாம்.

முன்பு துரு தோலில் வந்த நோய். இப்போது தோலே எலும்பாகிவிட்டதால், எலும்பு நோய். பிரிட்டனில் 1957-இல் வந்த வாக்ஸ்ஹால் விக்டர், சில வருடங்களிலேயே துருவுக்குப் பேர்போன காராகிவிட்டது.

சாலையில் கொட்டிய உப்பு

இதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. பனிக்காலத்தில் சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவ ஆரம்பித்தார்கள். 1941-42 குளிர்காலத்தில் நாடு முழுக்கத் தூவிய உப்பு சுமார் 5,000 டன். 1955-இல் அது சுமார் 10 லட்சம் டன். அடுத்த 15 வருடத்துக்குள் ஏறக்குறைய 1 கோடி டன்!

உப்பு தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாய வைக்கிறது. அதைவிட மோசம், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீர்த்துப்போகும். அதாவது, மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த தகடு இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும்.

இங்கேதான் வணிகவியல் நுழைகிறது. சாலையில் உப்புப் போட்டதால் விபத்து குறைந்தது, கடைகளும் தொழிற்சாலைகளும் பனியிலும் இயங்கின. லாபம் எல்லோருக்கும். உப்பின் விலை நகராட்சியின் கணக்கில் ஏறியது. ஆனால் உப்பு தின்ற காரின் விலை? அது எந்த பட்ஜெட்டிலும் இல்லை. ஒவ்வொரு கார்க்காரரும் தனித்தனியாக, ஓசையில்லாமல் கட்டினார்கள். பொருளாதாரப் பாடத்தில் புறச்செலவு என்று சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

செலவு இருக்கும் இடத்தில் வியாபாரமும் வரும். 1959-இல் டெட்ராய்ட்டில் கர்ட் சீபார்ட் என்ற மெக்கானிக், காரின் கதவுகளிலும் தூண்களிலும் சிறு துளை போட்டு, அந்த வெற்றுப் பெட்டிகளுக்குள் பாதுகாப்புப் பூச்சைப் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்தார். அவர் பெயரிலேயே ஒரு பெரிய நிறுவனம் வளர்ந்தது. யோசித்துப் பாருங்கள். புதுக் காரை வாங்கிய கையோடு இன்னொரு கடைக்கு ஓட்டிப்போய், தொழிற்சாலை செய்யாமல் விட்ட வேலையைக் காசு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். உலகத்தின் கார் தலைநகரத்திலேயே இந்த நிலைமை.

இரண்டேகால் டாலர் மிச்சம்

1970 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலெட் வேகா என்ற சிறிய காரைக் கொண்டுவந்தது. துருவைத் தடுக்க மின்சாரம் பாய்ச்சிய பெயிண்ட் தொட்டியில் முழு உடலையும் முக்கியெடுக்கும் நவீன முறை அதில் இருந்தது. ஆனால் முன்சக்கரத்துக்கு மேலே உள்ள மட்கார்டின் உச்சியில் காற்று மாட்டிக்கொண்டு, பெயிண்ட் அங்கே போய்ச் சேரவில்லை. அதன் உள்பக்கம் சக்கரம் வாரியடிக்கும் சேற்றையும் உப்பையும் தடுக்க ஒரு பிளாஸ்டிக் மறைப்பு வைத்திருக்கலாம். அந்தச் செலவு காருக்கு சுமார் 2.28 டாலர். நிதித்துறை அதை வெட்டிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1977 வரை வந்த வேகா கார்கள் மொத்தம் சுமார் 20 லட்சம். எல்லாக் கார்களுக்கும் அதை மிச்சம் பிடித்திருந்தால்கூட 45.6 லட்சம் டாலர். ஆனால் சில குளிர்காலத்திலேயே மட்கார்டுகள் ஓட்டை விழுந்தன. ஆயிரக்கணக்கான மட்கார்டுகளை உத்தரவாதத்தின் கீழ் கம்பெனியே மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அந்த மறைப்பும் வந்தது, துத்தநாகம் பூசிய மட்கார்டும் வந்தது. அதற்குள் காரின் பெயர் கெட்டுவிட்டது. நற்பெயர் என்பதும் ஒரு சொத்து என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. அதற்கும் தேய்மானம் உண்டு, அது மட்கார்டைவிட வேகமாகத் துருப்பிடிக்கும் என்பதைத்தான் பாடத்தில் எழுதவில்லை.

ஃபோர்டு நிறுவனத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1969 முதல் 1973 வரையிலான அதன் வண்டிகளில் துரு பெரிய தலைவலியானது. 1970-களின் தொடக்கத்தில் ஜே-67 என்ற பெயரில் ஒரு திட்டம் போட்டார்கள். பெயிண்டும் துருவும் தொடர்பான பழுதைக் கம்பெனியே செலவு செய்து சரிசெய்யும். சுமார் 1.2 கோடி வண்டிகளுக்கு இது பொருந்தும். நல்ல விஷயம்தானே? ஒரே ஒரு நிபந்தனை. இதை டீலர்களுக்கே அறிவிக்கக் கூடாது. யார் வந்து சத்தம் போடுகிறார்களோ, அவர்களுக்கு மட்டும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சத்தம் போடத் தெரியாதவர் தன் காசில் டிங்கரிங் செய்துகொண்டார். இதைத்தான் அமெரிக்க நுகர்வோர் அமைப்புகள் இரகசிய உத்தரவாதம் என்று அழைத்தன.

சங்கம் வைத்த கார்க்காரர்கள்

சாலையில் உப்பு இன்னும் அதிகமாகக் கொட்டும் கனடாவில் மக்கள் பொறுமை இழந்தார்கள். ஃபில் எட்மன்ஸ்டன் என்ற நுகர்வோர் இயக்கக்காரரின் முயற்சியில், துருப்பிடித்த ஃபோர்டு உரிமையாளர் சங்கம் என்றே பெயர் வைத்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். தனித்தனியாகச் சத்தம் போட்டால் தனித்தனியாகச் சமாளிக்கலாம். சேர்ந்து போட்டால் என்ன செய்வது?

1978-இல் கனடா அரசு கார்களுக்கு ஒரு துருத் தடுப்பு நெறிமுறையைக் கொண்டுவந்தது. முதல் 1 வருடம் மேற்பரப்பில் துரு வரக் கூடாது, 3 வருடம் தகட்டில் ஓட்டை விழக் கூடாது, 6 வருடம் வண்டியின் கட்டமைப்பு பலவீனமாகக் கூடாது. இது கட்டாயச் சட்டம் இல்லை, நெறிமுறைதான். ஆனால் "எத்தனை வருடம் தாங்க வேண்டும்?" என்ற கேள்விக்கு எண்ணில் பதில் எழுதப்பட்டது. எண் வந்துவிட்டால் வழக்குப் போடலாம், ஒப்பிடலாம், விளம்பரத்தில் போட்டி போடலாம்.

பிரிட்டனில் வேறு வழியில் வந்தது. அங்கே 1960-இல் பழைய வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை தொடங்கியது. முதலில் 10 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு, 1967-இல் 3 வருடம் தாண்டியவற்றுக்கே என்று ஆனது. பிரேக், ஸ்டியரிங், விளக்கு என்று ஆரம்பித்த அந்தச் சோதனையில் 1977-இல் உடல், சட்டம் ஆகியவற்றின் நிலையும் சேர்ந்தது. சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் ஆகியவை பொருத்தப்பட்டிருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. சுற்றளவுக்குள் தகடு அரித்திருந்தால் வண்டி தேறாது என்பது அங்கே பழகிப்போன விதி.

1980-இல் அதே பிரிட்டனில் லான்சியா பீட்டா விவகாரம் வெடித்தது. 1972-இல் அறிமுகமான கார் அது. எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் துணைச் சட்டம் உடலோடு சேரும் இடங்கள் சில கார்களில் துருப்பிடித்திருந்தன. செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் அடி விழுந்தது. நிறுவனம் பல கார்களைத் திரும்ப வாங்கி நொறுக்கியது. பிரச்சினை பெரும்பாலும் ஆரம்ப கால பீட்டா சலூன்களில்தான். ஆனால் அதைக் கேட்க யாரும் தயாராக இல்லை. லான்சியாவின் பெயர் அங்கே மீளவே இல்லை. 1994-இல் பிரிட்டன் சந்தையை விட்டே வெளியேறியது. 1922-இல் தனிச் சட்டம் இல்லாத காருக்கு வழிகாட்டிய அதே நிறுவனம்!

மருந்து வெளியே வந்தது

இத்தனைக்கும் நடுவேதான் அலமாரியில் இருந்த மருந்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஒன்று, மின்பூச்சு. ஃபோர்டில் ஜார்ஜ் ப்ரூவர் என்ற வேதியியலாளர் 1950-களின் இறுதியிலிருந்து இதில் வேலை செய்தார். 1961-இல் சக்கரங்களுக்கும், 1963-இல் முழு உடலுக்கும் இந்த முறை வந்தது. பெயிண்ட் கலந்த தண்ணீர்த் தொட்டியில் உடலை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், பெயிண்ட் துகள்கள் தாமாகவே உலோகத்தைத் தேடிப்போய் ஒட்டும். ஒட்டிய இடம் மின்சாரத்தைத் தடுப்பதால், அடுத்து வரும் துகள்கள் இன்னும் ஒட்டாத இடுக்கைத் தேடிப் போகும். ஸ்ப்ரே துப்பாக்கி எட்டாத பெட்டிக்குள்ளும் பூச்சு போய்விடும். ஆரம்ப முறையில் உடல் நேர்மின் முனையாக இருந்ததால் உலோகமும் கொஞ்சம் கரையும். 1976-இல் அதைத் தலைகீழாக்கி, உடலையே எதிர்மின் முனையாக்கும் முறை கார்களுக்கு வந்தது. துருவுக்கு எதிராக இது மிகப் பெரிய முன்னேற்றம்.

இரண்டு, பழைய துத்தநாகம். 1976 மாடல் போர்ஷே 911, இருபுறமும் துத்தநாகம் பூசிய தகட்டில் வந்தது, கூடவே 6 வருடத் துரு உத்தரவாதமும். 1980-களின் நடுவில் ஆடி தன் 100, 80 மாடல்களை முழுக்கத் துத்தநாகம் பூசிய உடலோடு விற்றது. மற்றவர்களும் பின்தொடர வேண்டியதாயிற்று. சொரெலின் காப்புரிமைக்கும் போர்ஷேயின் உத்தரவாதத்துக்கும் நடுவே ஏறக்குறைய 140 வருடம்.

உத்தரவாதம் என்பதைக் கணக்கியல் கண்ணால் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். 6 வருடம் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு வரக்கூடிய பழுதுச் செலவுக்கு இன்றைக்கே ஒதுக்கு வைக்க வேண்டும். அது இந்த வருட லாபத்தைக் குறைக்கும். வேகாவில் 2.28 டாலரை வெட்டிய அதே நிதித்துறை, இப்போது "அந்த மறைப்பை வையுங்கள், ஒதுக்கு குறையும்" என்று சொல்லும். மனசு மாறவில்லை. செலவு உட்காரும் கட்டம் மாறியது, அவ்வளவுதான்.

பழைய காரைக் குனிந்து பார்க்கும்போது

"சரி, இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று கேட்டால், பழைய கார் வாங்கப் போகும்போது இந்த வரலாற்றையே ஒரு வரைபடமாக வைத்துக்கொள்ளலாம்.

1. சக்கரங்களுக்கு மேலே உள்ள வளைவின் உள்பக்கம். வேகா தோற்ற இடம். விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். காய்ந்த சேறு அப்பியிருந்தால் சுரண்டிவிட்டுப் பாருங்கள்.

2. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் பொருத்தும் இடங்கள். லான்சியா தோற்ற இடம். இங்கே அரிப்பு இருந்தால் விலை பேசவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். இது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

3. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டியும் ஜாக்கி வைக்கும் இடமும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டினால் நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். உள்ளே அரித்தது 'பொத்' என்று சொல்லும்.

4. கதவின் அடி விளிம்பு. அங்கே தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை தூசியில் அடைபட்டிருந்தால் கதவுக்குள் குளம்தான்.

5. கால்மிதி, அதன் கீழே உள்ள கார்ப்பெட், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி. ஈர வாடை வருகிறதா? கார்ப்பெட்டைத் தூக்க விடமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் கேட்க வேறு கேள்வி இல்லை. சென்னைக் காராக இருந்தால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களையும் நினைவில் வையுங்கள்.

6. பெயிண்டில் சிறு கொப்புளங்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் பெயிண்டைத் தூக்குகிறது. வெளியே பட்டாணி அளவு தெரிந்தால் உள்ளே அதைவிடப் பெரிதாக இருக்கும். சந்தேகம் வந்தால் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். அடியில் புத்தம் புதுசாகக் கறுப்புப் பூச்சு மின்னினாலும் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முதல் வாரம் அடித்த பூச்சு பாதுகாப்புக்காக அல்ல.

தடுப்பதும் பெரிய வித்தை இல்லை. மேலே பாலிஷ் போடுவதைவிட அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுவது முக்கியம், அதுவும் கடலோரத்தில். வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திச் சுத்தமாக வைக்க வேண்டும். கல் பட்டுப் பெயிண்ட் போன இடத்தை அன்றைக்கே தொட்டுவிட வேண்டும். ஈரக் காரை உறை போட்டு மூடக் கூடாது, எவன்ஸ் சொட்டின் நடுப்பகுதி ஞாபகம் இருக்கிறதல்லவா? அடிப்பூச்சு என்றால், காய்ந்து வெடிக்கும் தார்ப் பூச்சைவிட, நெகிழ்வாகவே இருக்கும் மெழுகுப் பூச்சு நல்லது. வெடித்த தார் தண்ணீரைத் தனக்கும் தகட்டுக்கும் நடுவே பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டை விழுந்த இடத்தில் அரித்ததை வெட்டியெடுத்து, புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும். மேலே பட்டி பூசுவது அடுத்தவர் தலையில் செலவைக் கட்டுவது.

நம் ஊர்ப் பெரியவர்கள் அம்பாசிடரைப் பற்றிப் பேசும்போது "அந்தக் காலத்துத் தகடுப்பா, இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா" என்பார்கள். 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்து 2014 வரை வந்த வண்டி அது, பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் தடித்த தகடு துருவைத் தடுக்காது, ஓட்டை விழும் நாளைத் தள்ளிப்போடும். துருவைத் தடுப்பது பூச்சு. மெல்லிய தகடாக இருந்தாலும் துத்தநாகமும் மின்பூச்சும் சரியாக ஏறியிருந்தால், அது பூச்சில்லாத தடித்த தகட்டைவிட அதிக நாள் வாழும்.

நம் சாலையில் யாரும் உப்புக் கொட்டுவதில்லை. கடல்தான் கொட்டுகிறது. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று உலோக அரிப்பு ஆராய்ச்சிதான். கடற்காற்று இரும்பை என்ன செய்கிறது என்பதைப் படிக்க மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமே இருக்கிறது.

கடைசி உரிமையாளர்

கடைசியாக ஒன்று. உத்தரவாதம் வந்ததும் துருவின் செலவு மறைந்துவிட்டதா? இல்லை. அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'ஓட்டை விழுந்தால்' என்றுதான் இருக்கும், அதுவும் உள்ளிருந்து வெளியே வந்த ஓட்டையாக இருந்தால். மேலே தெரியும் துருவுக்குப் பொறுப்பில்லை. அதற்கும் ஒரு கெடு தேதி உண்டு.

அந்தத் தேதி முடியும்போது கார் பெரும்பாலும் முதல் உரிமையாளரிடம் இருக்காது. இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்திருக்கும். புதுக் கார் வாங்க முடியாதவர், குடும்பத்துக்கு முதல் காராக அதை வாங்கியிருப்பார். 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதோடு டிங்கரிங் கூலியும் வெல்டிங் கூலியும் அவர் தலையில்தான். முதல் பத்து வருடம் அடியைக் கழுவாமல் ஓட்டியவரின் செலவையும், அன்றைக்குத் தொழிற்சாலை மிச்சம் பிடித்த இரண்டு டாலரையும் சேர்த்து, கையில் காசு குறைவாக உள்ளவரே கட்டுகிறார்.

ஓட்டைக்குப் பட்டி பூசி விற்கும்போது நாம் செய்வதும் ஜே-67 வேலைதான், கொஞ்சம் சின்ன அளவில். விற்கும் காரில் துரு இருந்தால் சொல்லிவிட்டு விலையைக் குறைத்து விற்போம். வாங்கும் கார் என்றால் வெட்கப்படாமல் மண்டியிட்டுக் குனிந்து பார்ப்போம். பேன்ட்டில் கொஞ்சம் மண் ஒட்டும், தட்டினால் போய்விடும்.

உங்கள் வீட்டுப் பழைய காரில் முதலில் துரு எங்கே வந்தது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எந்த மாடல், எந்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அடுத்து வாங்கப் போகிறவருக்கு உதவும்.